சொல்லிக்கொடுக்கத் தெரிந்த நான்கு நூலகர்கள்

மதிப்பிற்குரிய பொது நூலகத் துறை அலுவலர்களுக்கும், இராமநாதபுரம் மாவட்டத்தில் நூலகர் பயிற்சிகளைத் திட்டமிடும் எல்லாருக்கும் வணக்கம்.

இணையத்தில் கிடைக்கும் ஆவணங்களையும் நூலகப் பட்டியலில் சேர்க்க நம் நூலகர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. நல்ல பேச்சுதான். ஆனால் பயிற்சி என்றாலே ஒரு அரங்கம், ஒரு வல்லுநர், மதியச் சாப்பாடு, சாயங்காலம் சான்றிதழ் என்று முடிந்துவிடுகிறது. அந்த வழி வேண்டாம் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரையுள்ள கடற்கரை நூலகங்களில் நான்கு பேரைத் தேர்ந்தெடுங்கள். இணைய ஆவணத்தைப் பட்டியலிட அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். அதோடு விட்டுவிடாமல், அதை இன்னொரு நூலகருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதையும் கற்றுக்கொடுங்கள். மீதிப் பேரை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நான் இந்தக் கரையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்திலும் இருக்கிறேன். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறேன் என்பதால் கேட்கும் உரிமை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதைப் பட்டியலிடச் சொல்கிறேன் என்று முதலில் காட்டிவிடுகிறேன். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் மண்டபம் முகாமில் இருந்து, 1971இல் கொச்சிக்குப் போய்விட்டாலும், மண்டபத்தில் அதன் மையம் இன்றும் நடக்கிறது. பல பத்தாண்டுகளாக அதன் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரைகளும் அறிக்கைகளும் இணையக் களஞ்சியம் ஒன்றில் இலவசமாகவே கிடக்கின்றன. சங்கு, முத்துச்சிப்பி, கடல் அட்டை, ஆவுளியா என்னும் கடற்பசு, கடற்பாசி என்று நம் கடலில் இருப்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அறிவியல் பெயரில்.

பாசி வளர்க்கும் வீட்டுப் பெண் ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பு, எங்கள் ஊர் நூலகத்தில் வந்து கேட்டாள்: "அக்கா, கப்பாபைகஸ் பாசி பத்தி புராஜெக்ட்டு. தமிழ்ல ஏதாச்சும் இருக்கா?" அவளுடைய அம்மா மூங்கில் மிதவையில் அதே பாசியைக் கட்டி, நாற்பத்தைந்து நாளில் அறுப்பவர். நூலகர் கைப்பேசியில் தேடினார். வந்ததெல்லாம் செய்தித் துணுக்கும், இசை போட்ட வீடியோவும். அலமாரியில் ஒன்றும் இல்லை. அம்மா இறங்கி நிற்கும் அதே கடலைப் பற்றி, பக்கத்து ஊரில் உட்கார்ந்து எழுதிய ஆய்வுகள் இருந்தும், அந்தப் பெண்ணுக்கு அவற்றைக் காட்ட வழி இல்லை. இதில் நூலகரைக் குறை சொல்ல நான் தயாரில்லை. அவரிடம் இருந்தது ஒரு கைப்பேசி. ஒரு பட்டியல் இருந்திருக்க வேண்டும்.

அந்த ஆய்வறிக்கை ஒன்றுக்குப் பட்டியலில் ஒரு பதிவு போடுவது எப்படி? தலைப்பு ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே வரும். நாம் திருத்த முடியாது. நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களாகப் பிரித்துக் கணினியில் எழுதும் மார்க் முறையில் 245ஆம் புலம் அதற்கானது. அதன் கீழே 246இல் தமிழில் ஒரு மாற்றுத் தலைப்பு. 520ஆம் புலத்தில் நான்கு வரிச் சுருக்கம், அதுவும் தமிழில்: மண்டபம் பகுதியில் எந்தெந்தப் பாசி, எந்த மாதத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடைக்கிறது என்று சொல்லும் அறிக்கை இது, படம் உண்டு, அட்டவணை உண்டு என்று. பொருள் தலைப்பில் அறிவியல் பெயரோடு நிறுத்தாமல், கடலில் இறங்கும் பெண்கள் சொல்லும் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி ஆகிய பெயர்களும் வர வேண்டும். 856ஆம் புலத்தில் இணைய முகவரி. அந்த முகவரி நேராகப் பிடிஎஃப் கோப்புக்குப் போகாமல், அந்த ஆவணத்தின் விவரப் பக்கத்துக்குப் போனால் நல்லது. கோப்பு இடம் மாறினாலும் விவரப் பக்கம் பெரும்பாலும் நிற்கும். கடைசியாக, கோப்பு எத்தனை எம்பி என்று ஒரு வரி. டேட்டா தீர்ந்துபோன கைப்பேசியோடு வருகிற பிள்ளைக்கு அந்த ஒரு வரி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

இவ்வளவுதான் வேலை. பழகிய கைக்கு ஒரு பதிவுக்குக் கால் மணி நேரம் போதும். ஆனால் மேலே சொன்னதில் பாதி எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. மரிக்கொழுந்தை எந்த ஊர்க்காரர் என்ன பெயரில் சொல்வார் என்று சென்னையிலிருந்து வருகிற வல்லுநருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மண்டபம் பக்கத்து நூலகருக்குத் தெரியும். அதனால்தான் சொல்லிக்கொடுப்பவரும் இந்தக் கரையிலிருந்தே வர வேண்டும் என்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் இப்படி ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். எந்த அமைப்பு, எந்த ஊர் என்பது வேண்டாம். திரையில் நூற்றுக்கும் மேற்பட்ட படவில்லைகள், எல்லாம் ஆங்கிலம். எடுத்துக்காட்டுகள் அத்தனையும் அமெரிக்கப் பல்கலைக்கழக இணையதளங்கள். பாடம் நடத்தியவர் நன்றாகப் படித்தவர், சந்தேகமே இல்லை. ஆனால் திரையில் இருப்பதை வாசித்துக்கொண்டே போனார். அன்று முழுக்க யாரும் ஒரு விசையைக்கூடத் தட்டவில்லை. "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று மாலை நாலரைக்குக் கேட்டார். பேருந்து பிடிக்கும் நேரத்தில் யாருக்குச் சந்தேகம் வரும்? பட்டியலாக்கம் தெரிந்திருப்பது ஒன்று, சொல்லிக்கொடுக்கத் தெரிந்திருப்பது வேறொன்று என்று அன்றைக்குத் தெளிவாகப் புரிந்தது.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கலும் இல்லை. இணைய ஆவணங்களைப் பட்டியலிடும் பாடத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் அந்நாட்டு நூலகச் சங்கமும் சேர்ந்து தயாரித்தபோது, பயில்பவருக்கு ஒரு கையேடு, பயிற்றுநருக்குத் தனியாக ஒரு கையேடு என்று இரண்டாகப் போட்டார்கள். பயிற்றுநர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்து, அவர்கள் அங்கங்கே போய் நடத்தும்படி செய்தார்கள். பெரிய நாடு, எல்லாரையும் ஓரிடத்துக்குக் கூப்பிட முடியாது. நம் மாவட்டம் அவ்வளவு பெரிதில்லை, சரி. ஆனால் எஸ்.பி.பட்டினத்திலிருந்து ஒருவரும் நரிப்பையூரிலிருந்து ஒருவரும் ராமநாதபுரம் டவுனுக்கு வந்து போவதற்குள் நாள் போய்விடும். நூலகத்தைப் பூட்டிவிட்டு வருபவர் தனி ஆள் என்பதை மறந்துவிடாதீர்கள். பத்திரிகை வாங்கி வைப்பதும், நாற்காலி துடைப்பதும், உறுப்பினர் சேர்ப்பதும் அவரேதான்.

அந்த நால்வருக்கு என்ன கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சில உறுதியான கருத்துகள் உண்டு.

விதியிலிருந்து தொடங்கக் கூடாது. வகுப்புக்கு வரும் ஒவ்வொரு நூலகரும் தன் ஊரில் வாசகர்கள் உண்மையிலேயே கேட்ட பத்து விஷயங்களை எழுதிக்கொண்டு வரட்டும். டிஎன்பிஎஸ்சி பழைய வினாத்தாள், பழைய பாடத்திட்டப் பாடநூல், மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கான அரசாணை, பட்டா விண்ணப்பம், தனுஷ்கோடி புயல் என்று அது கலவையாகத்தான் இருக்கும். இருக்கட்டும். அந்தப் பத்தில் எவை பட்டியலில் சேரத் தகுந்தவை, எவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும் என்று பிரிப்பதுதான் முதல் பாடம். தனுஷ்கோடி என்று தேடினால் 1964 டிசம்பர் புயல் பற்றிய உருப்படியான ஆவணத்துக்கு முன்னால் 'பேய் நகரம்' வீடியோக்கள்தான் வரிசையாக வந்து நிற்கும். எதை விடுவது என்று தெரியாத நூலகர் எதைச் சேர்த்தும் பயனில்லை.

எதை ஓர் ஆவணம் என்று எடுத்துக்கொள்வது என்பது அடுத்தது. இதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலை உயரம், காற்று, மீன் கூடும் இடம் பற்றி மீனவர்களுக்கு அறிவிப்புத் தருகிறது. ஒவ்வொரு நாள் அறிவிப்பையும் பட்டியலிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். அந்தச் சேவைக்கு ஒரே ஒரு பதிவு, தொடர்ந்து மாறிக்கொண்டிருப்பது என்ற குறிப்போடு போதும். பாம்பனில் 2016இல் தொடங்கிய கடல் ஓசை சமுதாய வானொலியை எடுத்துக்கொண்டால் கணக்கு வேறு. வானொலிக்கு ஒரு பதிவு உண்டு. அதில் ஒரு வயதான மீனவர் கச்சான் காற்றையும் வாடைக் காற்றையும் பற்றி அரை மணி நேரம் பேசிய நிகழ்ச்சி இணையத்தில் கிடைத்தால், அதற்குத் தனியாக ஒரு பதிவு போடத்தான் வேண்டும். ஏன் அங்கே ஒன்று, இங்கே இரண்டு? இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டுவிட்டுப் பயிற்றுநர் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழக வேண்டும். உண்மையிலேயே அது ஒரு பயிற்சிதான். பத்து விநாடி மௌனத்தைத் தாங்க முடியாமல் விடையைத் தானே சொல்லிவிடுகிற ஆசிரியர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

பெயர் விஷயத்துக்கு அரை நாள் ஒதுக்கினாலும் தகும். ராமேஸ்வரத்தில் பிறந்த நம் முன்னாள் குடியரசுத் தலைவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.பி.ஜெ. அப்துல் கலாம், ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், வெறும் அப்துல் கலாம், வெறும் கலாம். மேல்நாட்டுக் கையேடு குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் எங்கே இருக்கிறது? அப்பா பெயரும் பாட்டன் பெயரும் முன்னெழுத்தாக நிற்கின்றன. ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, மற்ற எல்லா வடிவங்களிலிருந்தும் அதற்கு வழி காட்ட வேண்டும்; எந்த வடிவம் என்பதை மாவட்டம் முழுவதும் ஒன்றுபோல் முடிவு செய்ய வேண்டும். ஊர்ப் பெயரும் அப்படியே. இராமநாதபுரம், ராமநாதபுரம், ராம்நாடு, முகவை என்று எதைப் போட்டுத் தேடினாலும் ஒரே இடத்துக்கு வர வேண்டும். இதில் ஒரு பொறியும் இருக்கிறது. 1985இல்தான் சிவகங்கையும் விருதுநகரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. அதற்கு முந்தைய ஆவணத்தில் 'இராமநாதபுரம் மாவட்டம்' என்றிருந்தால் சிவகாசித் தீப்பெட்டியும் அதற்குள் அடக்கம். ஆண்டைப் பார்க்காமல் பதிவு போட்டால் கடற்கரையைத் தேடி வந்தவர் கரிசல் காட்டில் போய் நிற்பார்.

பாம்பன் பாலமும் இதே கதைதான். 1914 ரயில் பாலம், 1988 சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம். மூன்றுக்கும் ஊர் வாயில் ஒரே பெயர். பள்ளிப் பிள்ளை தூக்குப் பாலம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் பக்கவாட்டில் இரண்டாகத் திறந்த பழையதா, நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும் புதியதா? மூன்று தலைப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆண்டு போட்டுவிட்டால் குழப்பம் தீர்ந்தது. வகுப்பில் பயிற்சியாகக் கொடுக்க இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு கிடைக்காது.

தமிழ் எழுத்துச் சிக்கலை எந்த ஆங்கிலக் கையேடும் சொல்லித்தராது. ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருக்களில் தட்டிய பிடிஎஃப் கோப்புகள் நம் இணையதளங்களில் இன்னும் ஏராளம். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டும். தேடுபொறிக்கு அது தமிழே இல்லை. அந்த மாதிரி ஆவணத்தைக் கண்டுபிடிக்க இருக்கும் ஒரே வழி நூலகர் கையால் எழுதும் பதிவுதான். படமாக வருடிப் போட்ட பழைய நூல்களுக்கும் இதே நிலைமை. கீழக்கரைப் பக்கம் வீடுகளில் இருக்கும் அரபுத் தமிழ் நூல்களை யாராவது வருடி இணையத்தில் ஏற்றினால் இன்னும் ஒரு படி கூடுதல் வேலை: எழுத்து அரபி, மொழி தமிழ், பதிவில் இரண்டும் வர வேண்டும். அப்புறம் சந்தி. கடற்பாசி என்று பதிந்தால் கடல் பாசி என்று தேடுபவருக்குக் கிடைக்காது. மாற்று வடிவங்களைச் சேர்த்துப் போடும் பழக்கம் கைக்கு வர வேண்டும்.

சொல்லிக்கொடுக்கும் முறைக்கு வருகிறேன். பிழையில்லாத மாதிரிப் பதிவைக் காட்டி 'இதைப் போலச் செய்யுங்கள்' என்பது எளிது, பலன் குறைவு. வேண்டுமென்றே ஐந்து தவறு வைத்த பதிவைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்: செத்துப்போன லிங்க், ஆண்டு இல்லாத ஊர்ப் பெயர், சுருக்கத்தில் தலைப்பையே திரும்ப எழுதியது, இப்படி. தேர்ந்தெடுத்த நால்வரில் ஒவ்வொருவரும் மற்ற மூவர் முன்னால் இருபது நிமிடம் பாடம் நடத்திப் பார்க்கட்டும். மூவரில் ஒருவர், "எனக்கு எதுக்கு சார் இதெல்லாம், பத்திரிகை கட்டவே நேரமில்லை" என்று சொல்லும் நூலகராக நடிக்கட்டும். அந்தக் கேள்வி உண்மையான வகுப்பில் வராமல் இருக்காது. நியாயமான கேள்வியும்கூட. அதற்குப் பாடப்புத்தக விடை கிடையாது. ஒரு தடவை செய்த பதிவை மாவட்டத்தில் யாரும் மறுபடி செய்ய வேண்டியதில்லை, ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் கைப்பேசியில் தேட வேண்டியதில்லை என்று செய்து காட்டினால்தான் ஒப்புக்கொள்வார்கள்.

அதனால் பட்டியல் பொதுவாக இருக்க வேண்டும். கீழக்கரையில் போட்ட பதிவு தொண்டியிலும் தெரிய வேண்டும். கோஹா என்ற நூலகப் பட்டியல் மென்பொருளை நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக எழுதி, 2000இலிருந்து உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். அது இருந்தால் நல்லது. அதற்கு வசதியில்லாத ஊர்ப்புற நூலகத்துக்கு ஆவண விவரங்களை எளிமையாக எழுதும் டப்ளின் கோர் முறையின் பதினைந்து புலங்களும் ஒரு விரிதாளும் போதும். (டப்ளின் என்றதும் அயர்லாந்து என்று நினைப்பார்கள். அந்த முறைக்கு வித்திட்ட கூட்டம் 1995இல் நடந்தது அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டப்ளினில்.) கடலுக்கு அந்தப் பக்கம் ஈழத் தமிழர்கள் 2005இலிருந்து நடத்திவரும் 'நூலகம்' மின்னூலகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் தன்னார்வலர்களை வைத்தே ஆவணம் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, ஆசிரியர், ஆண்டு என்று விவரம் எழுதிவைத்திருக்கிறார்கள். பெரிய மென்பொருள் வந்த பிறகுதான் தொடங்குவோம் என்று காத்திருந்தால் நமக்கு வயதுதான் ஆகும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லித்தர வேண்டும். டெலிகிராமில் சுற்றும் திருட்டுப் பிடிஎஃப்களுக்கு நூலகப் பட்டியலில் இடம் இல்லை. வாசகர் சேவை என்ற பெயரில் சில இடங்களில் இது நடக்கிறது. நாட்டுடைமையான நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் முறையாகவே கிடைக்கின்றன. மதுரைத் திட்டம் 1998இலிருந்து பழந்தமிழ் நூல்களைத் தந்துகொண்டிருக்கிறது. அவற்றை ஒழுங்காகப் பட்டியலிடவே நமக்கு ஆயுள் போதாது.

இனி, நீங்கள் மட்டுமே செய்யக்கூடிய சில காரியங்கள். பயிற்சி நாளைப் பணி நாளாகக் கணக்கில் எடுங்கள், வார விடுமுறையில் வைக்காதீர்கள். நால்வருக்கும் பயணப்படி கொடுங்கள். அவர்கள் வேறு நூலகத்துக்குப் பாடம் நடத்தப் போகும் நாளில் சொந்த நூலகத்தைத் திறக்க ஆள் அனுப்புங்கள். இல்லையென்றால் முதல் மாதத்திலேயே உள்ளூரில் புகார் வரும். உப்புக்காற்றில் கணினி சீக்கிரம் போய்விடுகிறது என்பதால் பராமரிப்புக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்க வேண்டும். கையேடு தமிழில் இருக்கட்டும், இணையத்தில் இலவசமாகவும் இருக்கட்டும். வகுப்பு முடிந்து ஒரு மாதம் கழித்துப் பயிற்றுநர் அதே நூலகத்துக்கு மறுபடியும் போய், போட்ட பதிவுகளைத் திறந்து பார்க்க வேண்டும். சான்றிதழ் கொடுப்பதென்றால் அந்த இரண்டாவது நாளில் கொடுங்கள். ஆகஸ்ட் 12 நூலகர் தினத்தன்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் படத்துக்கு மாலை போடும் செலவைவிட இது அதிகம்தான், ஆனால் ரொம்ப அதிகம் இல்லை.

முதல் வகுப்புக்கு மண்டபமோ கீழக்கரையோ வசதியாக இருக்கும். இடம் கிடைக்கவில்லை என்றால் எங்கள் கல்லூரிக் கணினி அறையைக் கேட்டு வாங்கித் தருவது என் பொறுப்பு. தமிழ்99 விசைப்பலகை எல்லாக் கணினியிலும் இருக்கிறது. இணைய இணைப்பு மதியம் இரண்டு மணிக்கு மேல் கொஞ்சம் மந்தமாகும். அந்த நேரத்தில் பிழை கண்டுபிடிக்கும் பயிற்சியைத் தாளில் வைத்துக்கொள்ளலாம். தேதியை மட்டும் பள்ளி, கல்லூரித் தேர்வு நாட்களைத் தவிர்த்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உச்சிப்புளி பக்கத்திலிருந்து
ஒரு கல்லூரி நூலகர்